விண்கலம் உடைந்தது, வறட்சிப் பணம் வந்தது

இன்னிக்கு எபிசோடை ஒரு விண்கலத்தில் ஆரம்பிக்கிறேன். ஆனா பேசப்போறது மாடு, புல், மழை, அப்புறம் அரசாங்கம் அனுப்புற செக் பற்றி. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. சொல்றேன்.

2003 பிப்ரவரி 1. கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது டெக்சாஸ் வானத்தில் உடைந்து சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். விண்கலத்தின் துண்டுகள் கிழக்கு டெக்சாஸிலும் லூசியானா எல்லையிலும் விழுந்தன. அவற்றைத் தேடி எடுக்க மத்திய அரசின் உதவி வேண்டும். அதற்காக அந்தப் பகுதிக்குப் பேரிடர் அறிவிப்பு வந்தது. இதுவரை புரிகிறது, இல்லையா?

அடுத்து நடந்ததுதான் விஷயம். அதே அறிவிப்பைக் காரணமாக வைத்து, அந்தப் பகுதியின் நூற்றுக்கணக்கான மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு நிவாரணப் பணம் போனது. மொத்தம் சுமார் 50 லட்சம் டாலர். வறட்சியில் தீவனம் இல்லாமல் தவித்தவர்களுக்கு என்று ஆரம்பித்த திட்டத்தின் பணம் அது. விண்கலத் துண்டு உங்கள் புல்வெளியில் விழுந்ததா, மாடு செத்ததா, மழை பெய்ததா என்று யாரும் கேட்கவில்லை.

இதைப் படிச்சதும் முதல்ல எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் விதிமுறைகளைப் படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சது: இதுல திருட்டு இல்ல. யாரும் போலிக் கையெழுத்து போடல. விதி சொன்னபடியேதான் எல்லாம் நடந்திருக்கு. அப்போ விதியில்தான் ஏதோ இருக்கு. அது என்னன்னு பாக்கலாம்.

கவுண்ட்டி என்றால் என்ன?

அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழே இருக்கும் நிர்வாகப் பிரிவு கவுண்ட்டி. நம்ம ஊர் மாவட்டம் மாதிரின்னு வெச்சுக்கலாம். நாடு முழுக்க 3,100-க்கும் மேல் இருக்கு. டெக்சாஸில் மட்டும் 254. சிலது சின்னது, சிலது பிரம்மாண்டம். மேற்கு டெக்சாஸின் புரூஸ்டர் கவுண்ட்டி சுமார் 16,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் எந்த மாவட்டமும் அதில் பாதிகூட வராது.

விவசாயத் துறையின் கீழ் பண்ணைச் சேவை முகமை என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கிராமப்புறங்கள் எங்கும் கவுண்ட்டி அலுவலகங்கள். விவசாயி கடனுக்கோ நிவாரணத்துக்கோ போய் நிற்கும் கவுன்ட்டர் அதுதான். அந்த அலுவலகத்துக்கு ஒரு கமிட்டியும் உண்டு. உள்ளூர் விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். பதவிக்காலம் மூன்று வருடம். இந்தக் கமிட்டியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பேரிடர் உதவியில் கவுண்ட்டிதான் அடிப்படை அலகு. ஒரு கவுண்ட்டியில் ஏதாவது ஒரு பயிரின் விளைச்சல் 30 சதவீதமாவது குறைந்தால், விவசாயத் துறைச் செயலர் அதைப் பேரிடர் கவுண்ட்டி என்று அறிவிக்கலாம். ஒட்டியிருக்கும் கவுண்ட்டிகளுக்கும் அந்தச் சலுகை போகும். நியூஸில் 'பேரிடர் பகுதியாக அறிவிப்பு' என்று கேட்டதும் விவசாயி கையில் பணம் வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அந்த அறிவிப்பால் நேரடியாகக் கிடைப்பது குறைந்த வட்டியில் அவசரக் கடன். கடன், மக்களே. திருப்பிக் கட்டணும்.

இனாமாக வரும் பணத்துக்குத் தனித்தனித் திட்டங்கள் இருக்கின்றன. நம்ம விண்கலக் கதை அப்படிப்பட்ட ஒரு திட்டத்தில்தான் நடந்தது.

தலைக்கு இவ்வளவு

2002-ல் அமெரிக்காவின் மேற்கிலும் சமவெளி மாநிலங்களிலும் கடுமையான வறட்சி. புல் காய்ந்தது, தீவன விலை ஏறியது, மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளவேண்டிய நிலை. அப்போது வந்ததுதான் கால்நடை இழப்பீட்டுத் திட்டம். கணக்கு ரொம்ப எளிது: உங்கள் கவுண்ட்டி பட்டியலில் இருக்கிறதா? உங்களிடம் எத்தனை மாடு? மாட்டுக்கு இவ்வளவு என்று பெருக்கி செக். தனித்தனியாக நஷ்டத்தை நிரூபிக்க வேண்டாம்.

முதலில் பட்டியலில் வர வறட்சி இருக்கவேண்டும். 2003-ல் காங்கிரஸ், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றம், அதைத் தளர்த்தியது. வறட்சிதான் என்றில்லை, குறிப்பிட்ட காலத்துக்குள் எந்தப் பேரிடர் அறிவிப்பு வந்திருந்தாலும் போதும் என்று ஆனது. தங்கள் தொகுதிக் கவுண்ட்டியும் பட்டியலில் வரட்டும் என்று நினைக்காத உறுப்பினர் யார்?

விளைவை 2006-ல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அரசு ஆவணங்களை வைத்து வெளியிட்டது. இரண்டு வருடத்தில் இந்தத் திட்டத்துக்குச் செலவு 120 கோடி டாலர். அதில் 63.5 கோடி டாலர், வறட்சியே இல்லாத அல்லது மிதமாக மட்டும் இருந்த பகுதிகளுக்குப் போயிருக்கிறது. பாதிக்கும் மேல். வாஷிங்டன் மாநிலத்தின் ஒரு கவுண்ட்டிக்கு நிலநடுக்கத்தின் பெயரில் 16 லட்சம் டாலர். மாட்டுக்காரர்களுக்கு அதனால் சேதம் இல்லை. வட டெக்சாஸின் ஒரு கவுண்ட்டிக்கு, திட்டம் தொடங்குவதற்கு ஒன்றரை வருடம் முன்பு அடித்த பனிப்புயலுக்காகக் கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர். அந்த வரிசையில்தான் விண்கலமும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரே கவுண்ட்டியில் ரெண்டு பேர். வடக்கே இருக்கிறவருக்கு நல்ல மழை, புல் முழங்கால் உயரம். தெற்கே இருக்கிறவருக்கு ஒரு சொட்டு இல்லை. பக்கத்து மாநிலத்தில் இருந்து லாரியில் வைக்கோல் வாங்குகிறார். ரெண்டு பேர்கிட்டயும் நூறு மாடு. ரெண்டு பேருக்கும் ஒரே தொகை. வடக்குக்காரருக்கு அது போனஸ். தெற்குக்காரருக்கு அது வைக்கோல் லாரி வாடகைக்குக்கூடப் போதாமல் இருக்கலாம். பணம் வீணாப்போச்சுங்கறது பிரச்சினையில் பாதிதான். மீதிப் பாதி, நிஜமா அடிபட்டவருக்குப் போதாமப் போச்சுங்கறது.

அப்போ ஏன் ஆளாளுக்கு அளக்கவில்லை?

இந்தக் கேள்வி நியாயமானது. பதிலும் நியாயமானதுதான்: நேரம் ஆகும்.

வறட்சியில் புல் எவ்வளவு குறைந்தது என்று ஒவ்வொரு பண்ணையாகப் போய் அளக்க ஆள் வேண்டும், மாதக்கணக்கில் காலம் வேண்டும். மாட்டுக்கு இன்னிக்குப் பசிக்கும். அதனால்தான் அரசாங்கங்கள் ஏரியா கணக்கை எடுக்கின்றன. கவுண்ட்டி முழுவதற்கும் ஒரு அளவுகோல், அதைத் தாண்டினால் எல்லோருக்கும் பணம். வேகம் கிடைக்கும், துல்லியம் போகும்.

அளந்து கொடுக்கும் திட்டமும் அமெரிக்காவில் இருக்கு. புயலிலோ வெள்ளத்திலோ மாடு செத்தால், வழக்கமாக எவ்வளவு சாகும் என்ற கணக்கைத் தாண்டிய எண்ணிக்கைக்குச் சந்தை மதிப்பில் 75 சதவீதம் தருகிறார்கள். செத்த மாட்டை எண்ண முடியும். முளைக்காத புல்லை எப்படி எண்ணுவது?

2008-ல் வந்த விவசாயச் சட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. அதற்குள் அமெரிக்காவில் வறட்சி வரைபடம் ஒன்று நிலைத்துவிட்டிருந்தது. 1999-ல் இருந்து நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வறட்சி மையமும் மத்திய அரசுத் துறைகளும் சேர்ந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் வெளியிடுகிறார்கள். டி0 என்றால் லேசான வாட்டம், டி4 என்றால் உச்சக்கட்டம். புதிய மேய்ச்சல் நிலத் திட்டத்தில் இந்த வரைபடம்தான் நீதிபதி. கவுண்ட்டியில் டி2 நிலை எட்டு வாரம் தொடர்ந்தால் ஒரு மாதத் தொகை. டி3 ஒருமுறை வந்தாலே மூன்று மாதம். டி4 நான்கு வாரம் இருந்தால் ஐந்து மாதம். மாதத் தொகை என்பது தீவனச் செலவாகக் கணக்கிடும் தொகையில் 60 சதவீதம். 2025-ல் இந்த எல்லைகளைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள், அடிப்படை அப்படியே இருக்கிறது.

விண்கலத்துக்கு வறட்சிப் பணம் கொடுத்த காலத்தோடு ஒப்பிட்டா இது பெரிய முன்னேற்றம். வறட்சிப் பணத்துக்கு வறட்சி வேணும்! ஆனா பழைய சிக்கல் முழுசாப் போகல. கவுண்ட்டியின் ஏதாவது ஒரு மூலையில் டி2 வந்தால் போதும், மொத்த கவுண்ட்டியும் தகுதி பெறும். 16,000 சதுர கிலோமீட்டர் கவுண்ட்டியை யோசிச்சுப் பாருங்க. வரைபடத்தில் ஒரு கோடு பத்து கிலோமீட்டர் இந்தப் பக்கம் வந்தா எல்லாருக்கும் பணம். அந்தப் பக்கம் நின்னா யாருக்கும் இல்ல. வறட்சியைக் கண்காணிக்க வரைந்த ஒரு படம், இப்போ செக் எழுதும் படம்.

தாமதமாக வந்த நியாயம்

சரி, மேய்ச்சலை விடுவோம். பயிருக்கு? அங்கே பயிர்க் காப்பீடு 1938-ல் இருந்தே இருக்கிறது. பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசே கட்டுகிறது. அதற்கு மேல் பெரிய புயல், பெரிய வறட்சி வரும்போதெல்லாம் காங்கிரஸ் தனியாகச் சட்டம் போட்டுப் பணம் ஒதுக்குகிறது.

இந்தத் திடீர்ச் சட்டங்களில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. 2023, 2024 வருடங்களின் இழப்புகளுக்குச் சட்டம் கையெழுத்தானது 2024 டிசம்பர் 21-ல். பேரிடர் இழப்புகளுக்குச் சுமார் 2,100 கோடி டாலர். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதற்கான முக்கியப் பயிர்த் திட்டத்தில் விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தது 2025 ஜூலையில். அதுவும் முதலில் காப்பீடு செய்திருந்த இழப்புகளுக்கு. காப்பீட்டில் வராதவர்கள் அதற்கும் பிறகு.

2023 கோடையில் பயிர் போனவருக்கு உதவி வரும் வழி திறக்க ரெண்டு வருஷம். அதுக்குள்ள ரெண்டு விதைப்பு முடிஞ்சிருக்கும். விதைக்கும் உரத்துக்கும் டீசலுக்கும் கடன் வாங்கியிருப்பார், இல்லன்னா டிராக்டரை வித்திருப்பார். கையில் காசு இருக்கும் பெரிய பண்ணை ரெண்டு வருஷம் காத்திருக்கும். சின்னப் பண்ணையால் முடியாது. அப்போ தாமதம் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. காத்திருக்க முடிந்தவருக்குத்தான் அந்தப் பணம் நிவாரணம். மூடிவிட்டுப் போனவருக்கு அது வெறும் செய்தி.

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் யார்?

இப்போ அந்தக் கமிட்டிக்கு வருவோம்.

உள்ளூர் ஆட்களுக்கு உள்ளூர் நிலைமை தெரியும் என்பது நல்ல யோசனைதான். ஆனால் உள்ளூரில் யாருக்கு அதிகாரமோ அவர்கள் கையில்தான் கமிட்டியும் இருக்கும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல தலைமுறைகளாக அது வெள்ளையர்கள் கையில் இருந்தது. கறுப்பின விவசாயி கடனுக்கு விண்ணப்பித்தால் இழுத்தடிப்பது, விதைப்புக் காலம் முடிந்தபின் தருவது, பேரிடர் உதவியை மறுப்பது என்று புகார்கள் குவிந்தன. புகாரை விசாரிக்க வேண்டிய துறையின் சமஉரிமைப் பிரிவே 1983 வாக்கில் செயலிழந்துபோனது. புகார் பெட்டி இருந்தது, திறக்க ஆள் இல்லை.

வட கரோலினா விவசாயி டிமதி பிக்ஃபோர்ட் பெயரில் நடந்த வழக்கு 1999-ல் உடன்பாட்டுக்கு வந்தது. 1981 முதல் 1996 வரை விவசாயம் செய்து பாகுபாட்டைச் சந்தித்த கறுப்பின விவசாயிகளுக்கானது அது. 15,000-க்கும் மேற்பட்டோருக்கு, மொத்தம் 100 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. காலக்கெடு தவறியவர்களுக்காக 2010-ல் மேலும் 125 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஆனால் நிலம்? 1920-ல் அமெரிக்காவில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். 1997 கணக்கெடுப்பில் அவர்கள் நடத்திய பண்ணைகள் 18,000 சொச்சம். எல்லாவற்றுக்கும் நிவாரண கவுன்ட்டர் மட்டும் காரணம் இல்லை. ஆனால் வறட்சி வந்த வருடத்தில் பக்கத்து நிலத்துக்காரருக்கு உதவி கிடைத்து உங்களுக்குக் கிடைக்காவிட்டால், அடுத்த வருடம் உங்கள் நிலத்தை வாங்கப்போவது யார்? அவர்தான்.

இன்னொரு சிக்கல் பத்திரம். தாத்தா உயில் எழுதாமல் போனால் நிலம் பிள்ளைகள், பேரன்கள் எல்லோருக்கும் பிரிக்காத சொத்தாகக் கிடக்கும். தென் மாநிலங்களின் கறுப்பினக் குடும்பங்களில் இது மிக அதிகம். உதவிக்குப் பண்ணை எண் வேண்டும். எண்ணுக்கு நிலத்தின் மேல் உரிமை காட்டவேண்டும். தெளிவான பத்திரம் இல்லாதவர்கள் வேறு ஆவணங்கள் காட்டி எண் வாங்க 2018 சட்டம்தான் வழி செய்தது.

இது நம்ம கதையும்தான்

பிரிக்காத சொத்து, பேர் மாறாத பட்டா என்றதும் உங்களுக்கு உங்க ஊர் ஞாபகம் வந்திருக்கும்.

நம்ம ஊரில் வெள்ள நிவாரணத்துக்கு 33 சதவீதம் பயிர் சேதமாகியிருக்க வேண்டும். 2015-க்கு முன் அது 50 சதவீதம். பாசனப் பயிருக்கு மத்திய விதிமுறைப்படி 2022 முதல் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். பயிர்க் காப்பீட்டில் நெல்லுக்கு வருவாய்க் கிராமம்தான் அலகு. அங்கே சில வயல்களில் அறுவடைப் பரிசோதனை செய்து, அதன் சராசரியைக் கிராமம் முழுவதற்கும் வைக்கிறார்கள். மேட்டு வயல் தப்பி, பள்ள வயல் மூழ்கினாலும் கணக்கு ஒன்றுதான். கவுண்ட்டிப் பிரச்சினையின் சின்ன வடிவம்.

ஒரு வித்தியாசம் கவனிக்கணும். அமெரிக்க விதிகளில் முக்கியக் கேள்வி 'நஷ்டத்தின் ரிஸ்க் யாருடையது?' என்பது. ரொக்கக் குத்தகைக்கு நிலம் எடுத்தவர் முழு ரிஸ்க்கையும் சுமக்கிறார் என்றால் உதவி அவருக்கு, நிலச் சொந்தக்காரருக்கு அல்ல. நம்ம டெல்டாவில் வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர், விஏஓவிடம் அடங்கல் வாங்கவே நில உரிமையாளர் தயவை எதிர்பார்க்க வேண்டியிருக்கு. வெள்ளத்தில் பயிர் போனது ஒருவருக்கு, பணம் ஏறுவது இன்னொருவர் அக்கவுன்ட்டில் என்பது இங்கே அடிக்கடி கேட்கிற புகார்.

நான் எங்கே நிற்கிறேன்?

இவ்வளவும் சொல்லிட்டு 'நிவாரணமே வேஸ்ட், நிறுத்துங்க'ன்னு சொல்ல மாட்டேன். மாதச் சம்பளம் வாங்குற நமக்கு மழை ஒரு டிராஃபிக் பிரச்சினை. அவங்களுக்கு அது வருஷத்தோட மொத்தச் சம்பளம்.

என் கருத்து இது. ஏரியா கணக்கை வைத்து ஒரு சின்னத் தொகையை உடனே கொடுக்கலாம். அதில் கொஞ்சம் தப்பான கைக்குப் போனாலும் பரவாயில்லை, வேகத்துக்கான விலை அது. பெரிய தொகையை அளந்து கொடுக்கணும். விதியைப் பேரிடர் வருவதற்கு முன்பே எழுதி வைக்கணும், வந்தபின் நாடாளுமன்றத்தில் பேரம் பேசக் கூடாது. மறுக்கப்பட்டவர் போய் முறையிட, மறுத்தவர் அல்லாத ஒரு இடம் இருக்கணும். கடைசியா, யாருக்கு எவ்வளவு போச்சுங்கற பட்டியல் வெளியே தெரியணும். விண்கலக் கதை வெளிவந்ததே அரசுப் பதிவுகளை எடுத்துப் படிக்க முடிந்ததால்தான்.

அடுத்த தடவை 'விவசாயிகளுக்கு இத்தனை கோடி நிவாரணம்'னு செய்தி வந்தா, அந்தக் கோடியைப் பாத்து வாயைப் பிளக்கவும் வேண்டாம், எரிச்சல் படவும் வேண்டாம். மூணே கேள்வி கேளுங்க. நஷ்டத்தை எந்த அலகில் அளந்தாங்க? பணம் எந்த மாசம் கைக்கு வரும்? காகிதத்தில் பேர் இல்லாத, ஆனா வயல்ல நின்ன ஆளுக்கு என்ன வழி?

உங்க வீட்டில், சொந்தத்தில் யாராவது இப்படி நிவாரணத்துக்கு அலைஞ்சிருந்தா எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பெயர் சொல்ல வேண்டாம், ஊர் சொல்ல வேண்டாம். எத்தனை நாள் ஆச்சு, என்னென்ன காகிதம் கேட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அதை வெச்சு ஒரு எபிசோட் பண்ணலாம்.